அண்ணன் பெயருக்குக் கீழே ஒரு வரி

என் கணவருக்கு ஆஸ்திரேலியாவில் என்ன வேலை என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். பால் ஊற்றுகிற புஷ்பலதா போன மாதம் வரை பெரிய ஓட்டலில் மேனேஜர் என்றாள். இஸ்திரி போடுகிறவர் பங்குதாரர் என்று அடித்துச் சொல்வார். என் கூடப் பிறந்த அக்காவே, எல்லாம் தெரிந்த பிறகும், சம்பந்தி வீட்டாரிடம் "ஃபுட் லைன்ல இருக்காரு" என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஏதோ அரக்கோணம் ரயில்வே லைன் மாதிரி.

உண்மை இதுதான். என் கணவர் சக்திவேல் மெல்பர்னில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். பரோட்டாவும் போடுவார். ஆள் வராத நாளில் பாத்திரமும் தேய்ப்பார். திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் செய்த அதே வேலைதான். அங்கே கல் பெரிது, குளிர் அதிகம், அவ்வளவே. இதில் எனக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை. நான் மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். அவர் தோசை வார்க்கிறவர். இரண்டு பேரும் நின்றுகொண்டே உழைக்கிற ஜாதி. வெட்கமெல்லாம் சுற்றியிருந்தவர்களுக்குத்தான், ஆனால் அதற்கு விலை கொடுத்தவர்கள் நாங்கள்.

அவருடைய முதலாளி பெயர் தீனதயாளன். நமக்குப் பக்கத்து நகரிக்காரர்தான். எல்லை தாண்டினால் ஆந்திரா, பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். அவர்தான் என் கணவரை விசா எடுத்துக் கூட்டிப்போனார். அது அவர் ஓட்டலில் வேலை பார்க்கிற வரைக்கும் மட்டும் தங்கலாம் என்கிற விசா. நிரந்தரமாகத் தங்க வேண்டுமானால் முதலாளியே அந்த அரசாங்கத்துக்கு, "இந்த ஆள் எனக்கு எப்போதும் வேண்டும், நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால் பி.ஆர். வரும். எங்கள் வீட்டில் முருகன் பெயருக்கு அடுத்தபடியாக அதிகம் சொல்லப்பட்டது இந்த இரண்டு எழுத்துகள்தான்.

தீனதயாளன் கெட்ட வார்த்தை பேச மாட்டார். கை நீட்ட மாட்டார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு டப்பா இனிப்பைக் கையில் கொடுத்து, "அடுத்த வருஷம் உன் வேலைய முடிச்சிரலாம் சக்தி" என்பார். அந்த அடுத்த வருஷத்துக்காக என் கணவர் ஓட்டல் வேலை முடித்துவிட்டு முதலாளி வீட்டுப் புல்லை வெட்டினார். கூரைத் தகட்டில் அடைந்த இலையை வாரினார். முதலாளி மகளை நாட்டிய வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார். இவர் ஏதாவது முகம் சுளித்தால் முதலாளி சத்தம் போட மாட்டார். "உன் ஃபைலத்தான் யோசிச்சுகினு இருக்கேன்" என்று மட்டும் சொல்வார். அதோடு என் கணவருக்கு வாய் அடைத்துவிடும்.

நானும் மகள் மோனிஷாவும் கூடவே போயிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போய் எங்கே இருப்பது? ஓட்டல் மாடியில் நான்கு சமையல்காரர்களுக்கு ஓர் அறை. "பி.ஆர். வரட்டும் பிரேமா, வூடு பார்த்து ஒரேடியா இட்டுகினு வரேன்" என்றார். மோனிஷா அப்போது ஆறாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ எழுதப் போகிறாள். நடுவில் அப்பாவை அவள் நேரில் பார்த்தது இரண்டே முறை.

இந்த வருஷம் விஷயம் கழுத்துக்கு வந்துவிட்டது. முதலாளி மூலமாக பி.ஆர். கேட்கிறவருக்கு நாற்பத்தைந்து வயது ஆவதற்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு இவர் மாதிரி ஆளுக்குக் கதவு சாத்தியதுதான். இவருக்கு செப்டம்பரில் நாற்பத்தைந்து. நிஜத்தில் நாற்பத்து நான்குதான். சின்ன வயதில் வீட்டில் தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட ஒரு வயது கூட்டிச் சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு வாத்தியார் எழுதியதுதான் பிறந்தநாள். அன்றைக்கு ஒரு பிள்ளையை வீட்டைவிட்டு வெளியே அனுப்பச் சொன்ன பொய், இன்றைக்கு ஒரு மனுஷன் தலையில் வந்து விழுந்தது.

ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் போன் செய்தார். குரலிலேயே சிரிப்பு இருந்தது.

"பிரேமா, மொதலாளி ஊருக்கு வராரு. ரெண்டாவது கடை தெறக்கப் போறாரு இல்ல, அதுக்கு நம்ம சாமிக்கு வேண்டிகினு இருக்காராம். ஆடிக் கிருத்திகைக்கு மொட்ட போட்டு காவடி எடுக்கணுமாம். நீங்கதான் எல்லாத்தையும் பார்த்துக்கணும்."

"ஏன், நகரியில அவருக்கு ஜனம் இல்லையா?"

"பங்காளிங்களோட கோர்ட்டு கேஸு. அந்தப் பக்கமே தல வெக்க மாட்டாரு. இன்னா கேளு, வக்கீலு என் பேப்பரெல்லாம் ரெடி பண்ணிட்டாரு. மொதலாளி கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. காவடி எடுத்துட்டு வந்த மறுநாளே போட்டுர்றேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டாரு."

"மறுநாளே போடறவரு, இன்னைக்கே போட்டா சாமி கோச்சிக்குமா?"

"அவரு மனசு குளிரணும் பிரேமா, அவ்ளோதான்" என்றார். எனக்குக் கேட்கவே பாவமாக இருந்தது.

மனசைக் குளிரவைக்கும் வேலையை ஆரம்பித்தோம். குளிர்சாதன அறை பிடித்தோம். பூக்காவடி கட்டச் சொன்னோம். பம்பைக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்தோம். அவர் பெயரில் மலையடிவாரத்தில் பந்தல் போட்டு அன்னதானம் என்று முடிவானது. அவருக்குக் காரம் ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, தலையணை உயரமாக இருக்கக் கூடாது என்று மெல்பர்னிலிருந்து என் கணவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் கடையிலிருந்து லீவு போட்டுவிட்டு அலைந்தேன்.

பந்தல் பொறுப்பு என் கொழுந்தன் குமரேசனுக்கு. பந்தல் போடுவதுதான் அவன் தொழில். நல்லவன்தான். அண்ணன் மேல் உயிர். ஆனால் ஊரில் ஒரு காது குத்து நடந்தால்கூட ஆள் உயரத்துக்கு பேனர் வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. அதில் அத்தை, மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் எல்லாருக்கும் ஒரு முகம் வேண்டும், முகத்துக்குக் கீழே ஒரு பட்டம் வேண்டும். தொழிலதிபர், சமூக சேவகர், ஆன்மிகச் செம்மல். ஒன்றும் கிடைக்காதவனுக்கு "அன்புத் தம்பி." சும்மா ஒரு ஆளாக, வெறும் பெயரோடு, நம் ஊர் பேனரில் யாரும் இருக்க முடியாது.

ஆடிக் கிருத்திகை அன்று காலை. தெருவெல்லாம் மஞ்சள் வேட்டியும் காவடியும். "அரோகரா" சத்தத்தில் பேச்சு காதில் விழவில்லை. சாம்பார் அண்டாவுக்குப் புளி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். பந்தல் வாசலில் பேனர் நின்றுகொண்டிருந்தது.

மேலே முருகன். வலது பக்கம் தீனதயாளன், கும்பிட்ட கையோடு. "ஆஸ்திரேலியா வாழ் தொழிலதிபர், ஆன்மிக வள்ளல்" என்று போட்டிருந்தது. சரி. இடது பக்கம் என் கணவர். அவர் வாழ்நாளில் போடாத கோட்டு, டை. முகம் மட்டும் கல்யாண போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. முதலாளி படத்தைவிட இவர் படம் ஒரு சாண் பெரிது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் இப்படி இருந்தது.

"விரைவில் மெல்பர்ன் மாநகரில் உதயமாகும் தணிகை மெஸ் உரிமையாளர், எங்கள் குலவிளக்கு, அண்ணன் சக்திவேல்."

புளி ஒட்டிய கையோடு அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன்.

தணிகை மெஸ் எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த பேச்சு. பி.ஆர். வந்துவிட்டால் யார் கடையிலும் வேலை பார்க்கலாம், சொந்தமாகவும் வைக்கலாம். எட்டு மேஜை போட்டு ஒரு சின்ன மெஸ். காலையில் இட்லி வடகறி, மதியம் மொச்சைக்கொட்டைக் குழம்பு. என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் கேட்டபோது நான்தான் தணிகை மெஸ் என்றேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு பிரேமா" என்றார். அன்றைக்கு போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். குமரேசன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவனைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தேன்.

"இன்னாடா எழுதி வெச்சிருக்கற? கையெழுத்து போடற மனுஷன் வந்துகினு இருக்காரு. உங்க கடைய வுட்டுட்டுப் போய் தனிக் கடை போடுவோம்னு அவர் மூஞ்சிக்கு எதிர்லயே எழுதி வெப்பியா?"

"அண்ணி, டிசைன் பண்றவன் அண்ணன் பேருக்குக் கீழ இன்னா போடறதுன்னு கேட்டான். நான் இன்னான்னு சொல்றது?"

"தோசை மாஸ்டர்னு சொல்லு. உங்க அண்ணன் திருடினாரா, இல்ல எவன் குடியையாவது கெடுத்தாரா?"

"கம்முனு இருங்க அண்ணி. ஊரே வந்து பாக்கும். ஆஸ்திரேலியா போய் தோசை சுடறான்னு பேனர்ல போட்டா எவன் மதிப்பான்? அந்தாளுக்கு இன்னா தெரியப் போவுது? நகரிக்காரரு, தெலுங்கு. பேசுவாரு, படிக்கத் தெரியாது. அவர் மூஞ்சி பெருசா இருக்குதான்னு மட்டும்தான் பார்ப்பாரு."

"மொதல்ல கழட்டு."

"எப்படிக் கழட்டறது? பந்தல் சாரத்தோட சேர்த்துக் கட்டியிருக்கு. அத எடுத்தா முன்பக்கம் பூரா கீழ வந்துடும். கீழ ஜனம் உக்காந்து சாப்டுது பாருங்க."

அவர் தெலுங்குக்காரர், படிக்க வராது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நானும் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பந்தல் காலில் கட்ட வைத்திருந்த வாழைமரத்தில் ஒன்றை நானே இழுத்து வந்து, அந்தச் சிவப்பு வரிக்கு முன்னால் நிறுத்திக் கட்டினேன். இலை விரிந்து வரியை மூடிக்கொண்டது. முருகா, சாயங்காலம் வரைக்கும் இது வாடாமல் நிற்கட்டும் என்று வேண்டினேன். மலைமேல் அவ்வளவு பெரிய ஆள் இருக்க, நான் நம்பியது ஒரு வாழை இலையை.

தீனதயாளன் கார் வந்தது. மனிதர் பார்க்க எளிமைதான். இறங்கியதும் செருப்பைக் கழற்றி காரிலேயே போட்டுவிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டார். குமரேசன் ஆள் உயர மாலையைப் போட்டான். நான் கும்பிட்டேன்.

"நல்லா இருக்கியாம்மா? சக்தி நம்ம வூட்டுப் புள்ள மாதிரி. உன்னப் பத்திதான் எப்பவும் சொல்லிகினு இருப்பான்."

"எல்லாம் உங்க தயவுதாங்க சார்."

அந்த வார்த்தை வாயில் கசந்தது. இருந்தாலும் சொன்னேன். சொல்லத்தானே லீவு போட்டிருந்தேன்.

முதல் பந்தியில் அவர் கையால் பரிமாற வைத்தோம். பிறகு போட்டோ. பேனருக்குக் கீழே நிற்கச் சொன்னான் குமரேசன். செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன், "எவன்டா இது, அண்ணன் பேர மறைச்சு மரத்தக் கட்டினது?" என்று கத்திக்கொண்டே போனான். நான் அண்டா பக்கத்தில் இருந்தேன். "குமரேசு, வேணாண்டா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வருவதற்குள் கயிற்றை அறுத்து மரத்தைச் சாய்த்துவிட்டான். முட்டாளுக்குப் பாசம் இருந்தால் அதைவிட ஆபத்து வேறு எதுவும் இல்லை.

தீனதயாளன் போட்டோவுக்குச் சிரித்தார். பிறகு திரும்பி நின்று பேனரைப் பார்த்தார். தன் படத்தைக் கொஞ்ச நேரம், என் கணவர் படத்தைக் கொஞ்ச நேரம். படம்தான் பார்க்கிறார், படிக்க வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இது சக்திதானே? கோட்டு நல்லா இருக்கு" என்று சிரித்தார். குமரேசன் தோளில் தட்டி, "அசத்திட்ட நைனா" என்றார்.

குமரேசன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பார்த்தீர்களா என்று அர்த்தம்.

மலைக்குப் போனோம். முடி இறக்குகிற மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. குழந்தைகள் வீறிட்டன. ஈரத் தலையும் சந்தனமும் முடியும் கலந்த வாசம். அவரை வரிசையில் நிறுத்திவிட்டு நான் பக்கத்தில் துண்டும் சந்தனக் கிண்ணமும் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"பக்தர்கள் தங்கள் உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும். தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கடகடவென்று வாசித்தார். வாசித்துவிட்டு செல்போனையும் பர்ஸையும் எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ வெச்சிக்கம்மா. நிர்வாகம் பொறுப்பில்லையாம்."

வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"சார், உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?"

"இன்னாம்மா இப்படிக் கேட்டுட்ட? எங்க ஊர்ல தமிழ் ஸ்கூலு இருக்குதே. பத்தாவது வரைக்கும் தமிழ்லதான் படிச்சேன். தெலுங்கு படிக்கத்தான் எனக்குத் தடுமாறும்."

எங்களுக்குத் தெரியாதா இது? எங்கள் தெருவிலேயே பாதி வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு தமிழ் பேப்பர் படிக்கிறார்கள். குமரேசனே மாமனார் வீட்டில் போய் "பாவா, பாவா" என்று மச்சானைக் கூப்பிடுகிறவன்தான். எல்லைக்குக் கோடு போட்டவர்கள் நாக்கின் மேல் போடவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, அந்தப் பக்கத்துக்காரருக்குத் தமிழ் படிக்க வராது என்று ஒருவன் சொல்ல, நாங்கள் எல்லாரும் நம்பினோம். அவனுக்கு அந்தப் பட்டத்தைப் போட வேண்டியிருந்தது, அதனால் சொன்னான். எனக்கு அந்த நேரத்தில் மூச்சு விட வேண்டியிருந்தது.

அவர் முறை வந்தது. பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். கத்தி பின்னந்தலையில் ஏறியது. இதை விட்டால் வேறு சமயம் கிடைக்காது என்று நானும் பக்கத்தில் குந்தினேன்.

"சார், அந்த பேனர்ல ஏதோ எழுதியிருந்துச்சு. என் கொழுந்தன் விவரம் தெரியாதவன். எங்க வூட்டுக்காரரு அப்படியெல்லாம் நெனைக்கவே இல்ல சார். உங்க கடைய வுட்டு எங்கியும் போகமாட்டாரு. நான் இந்த மலை மேல நின்னு சொல்றேன்."

குனிந்த தலையிலிருந்து முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. கோபமே இல்லாத குரல்.

"இதுல தப்பு இன்னாம்மா இருக்குது? எல்லாருக்கும் ஆசை இருக்கும் இல்ல. நானும் அப்படித்தான் வந்தவன். எனக்கு பி.ஆர். எடுத்துக் குடுத்தவரு ஒரு பஞ்சாபி. அவர் கிச்சன்லதான் வெங்காயம் உரிச்சேன். பி.ஆர். கைக்கு வந்த மூணாம் மாசம் அவர் கடைக்கு எதிர்த்தாப்லயே என் மொதக் கடையத் தெறந்தேன்."

கொத்துக் கொத்தாக முடி என் பக்கத்தில் விழுந்தது.

"அவரு ரொம்ப நாள் தாங்கலம்மா, மூடிட்டாரு. நல்ல மனுஷன். இப்ப எங்க இருக்காரோ தெரியாது."

அவர் எழுந்து நின்றார். அந்த மொட்டைத் தலையில் நான்தான் சந்தனம் பூசினேன். வழுவழுவென்று குளிர்ச்சியாக இருந்தது. மனசு குளிரணும் என்றாரே என் கணவர், தலை மட்டும்தான் குளிர்ந்தது.

தோளில் சுமந்து வந்த பூக்காவடியை இறக்கிவிட்டு, சந்நிதியில் தீனதயாளன் தேம்பித் தேம்பி அழுதார். பக்கத்தில் நின்றவர்கள்கூட நெகிழ்ந்து போனார்கள். அது பொய் அழுகை இல்லை, நான் பார்த்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமை. கிளம்பும்போது மோனிஷா தலையில் கை வைத்து, "நல்லா படி கண்ணு" என்றார். என்னிடம் "பார்த்துக்கலாம்மா" என்றார். கையெழுத்து என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

நடந்ததை என் கணவரிடம் சொன்னேன். மறுமுனையில் கல்லில் மாவு விழுந்து சுர்ரென்று எழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. யாரையும் திட்டவில்லை. தம்பியைக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வரட்டும், கால்ல வுழுந்து கேக்கறேன்" என்றார்.

விழவும் செய்தார். முதலாளி அவரைத் தூக்கி நிறுத்தி, "இன்னா சக்தி இது, நீ நம்ம வூட்டுப் புள்ள" என்றாராம். வக்கீல் லீவில் இருக்கிறார் என்றார். பிறகு ஆடிட்டர் ஏதோ கேட்கிறார் என்றார். பிறகு புதுக் கடை வேலையில் தலை சுற்றுகிறது என்றார். இவர் வேறு இரண்டு ஓட்டல்களில் போய்க் கேட்டுப் பார்த்தார். பேர் தெரியாத ஆளுக்கு யார் அவசரமாகப் பொறுப்பு எழுதித் தருவார்கள்? அந்த நாட்களில் நான் மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரை கேட்டவருக்கு ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்து, அவர் சத்தம் போட, அசிங்கப்பட்டு நின்றேன். மோனிஷா மட்டும் தினம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், "அப்பா போன் பண்ணாரா?" என்று கேட்பாள். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கையெழுத்து வரவில்லை, பிறந்தநாள் வந்தது. சாயங்காலம் மோனிஷா போனுக்கு ஒரு வீடியோ வந்தது. ஓட்டல் சமையலறை. என் கணவர் ஏப்ரனோடு நிற்கிறார். எதிரே கேக். மேலே நாற்பத்தைந்து என்று மெழுகுவத்தி. தீனதயாளன், தலையில் அரை விரல் முடி முளைத்திருந்தது, கை தட்டிப் பாடுகிறார். சுற்றி நிற்கிற சமையல்காரப் பையன்களும் பாடுகிறார்கள். மெழுகுவத்தியை ஊதச் சொல்கிறார். இவர் ஊதுகிறார். கேக்கை ஒரு துண்டு வெட்டி முதலாளியே இவர் வாயில் ஊட்டுகிறார்.

இவர் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா சாப்டாரு? துப்ப வேண்டியதுதானே" என்றாள் என் மகள். அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "விசா இன்னும் அவர் கையிலதான்டி இருக்குது" என்றேன். வேறு என்ன சொல்வது? துப்பினால் மறுநாள் எங்கே நிற்பார்? அந்த மனுஷனை அப்படி வாய் திறக்க வைத்த எல்லாரையும் நினைத்து எனக்கு எரிந்தது. முதலாளியை. பட்டம் கேட்ட டிசைன்காரனை. கோட்டு போட்டுவிட்ட குமரேசனை. ஃபுட் லைன் என்று சொன்ன என் அக்காவை. தோசை மாஸ்டர் என்பதை ஒரு பட்டமாக நினைக்காத இந்த ஊரை.

தை பிறந்ததும் இரண்டாவது கடை திறந்தார்கள். என் கணவர் ஒரு போட்டோ அனுப்பினார். வாசலில் தோரணம், பூசணிக்காய், கும்பிட்ட கையோடு தீனதயாளன். பின்னால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏப்ரனோடு இவர். மேலே பச்சை விளக்கில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் எரிந்தது.

தணிகை மெஸ்.

நான் போன் செய்தேன். எடுத்தார்.

"மொட்ட போட்டப்ப சாமி குடுத்த பேருன்னு வரவங்க எல்லார்கிட்டயும் சொல்லிகினு இருக்காரு" என்றார். "என்னத்தான் இங்க போட்டிருக்காரு. கிச்சன் நல்லா இருக்குது பிரேமா. புதுக் கல்லு."

"எத்தன மேஜை?"

"இருபது." அப்புறம் சொன்னார், "காலைல வடகறி போடறோம்."

போனை வைத்துவிட்டேன். வடகறியை அவரேதான் முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொன்னீர்கள் என்று கேட்க மனசு வரவில்லை. அவர் செய்யத் தெரிந்ததைச் செய்கிறார்.

குமரேசன் பேனரை ஆடிக் கிருத்திகைக்கு அடுத்த நாளே கழற்றியிருந்தான். அவன் வீட்டு விறகுக் கொட்டகைக்கு அதுதான் இப்போது கூரை. மழையில் என் கணவர் முகம் வெளுத்துவிட்டது, கோட்டு மட்டும் கருகருவென்று இருக்கிறது. பேனரைத்தான் கழற்ற முடிந்தது. ஊர் வாயில் ஒட்டிக்கொண்டதை யார் கழற்றுவது? கடை திறந்த போட்டோ எப்படியோ குமரேசன் கைக்குப் போய், அவன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்து, ஒரு ராத்திரியில் தெரு முழுக்கப் பார்த்துவிட்டது. அவனைக் கேட்டதற்கு, "பேரு நம்ம பேருதானே அண்ணி" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

காலையில் புஷ்பலதா பால் ஊற்ற வந்தாள். முகமெல்லாம் பல்.

"அக்கா, பார்த்தேங்க்கா. எவ்ளோ பெரிய கடை! பேனர்ல போட்ட மாதிரியே செஞ்சு காட்டிட்டாரே உங்க வூட்டுக்காரரு. கும்பிட்டுகினு நிக்கறாரே, அது அவருகிட்ட வேல செய்யற மேனேஜரா?"

பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எங்கிருந்து தொடங்குவது? பால் நிரம்பியது.

"ஆங்" என்றேன்.

"அப்ப நீங்களும் பாப்பாவும் எப்பக்கா போறீங்க?"

"அடுத்த வருஷம்" என்றேன்.